பூம்பாறைக் குளிரில் ஒரு பிரிட்ஜும் இரண்டு பேட்டரிகளும்

"குளிருக்குள்ளேயே குளிர்ப்பெட்டியா, தம்பி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார் தோட்டத்துப் பெரியவர். கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் பூம்பாறையில் அவருடைய பூண்டு வயலின் ஓரத்தில்தான் வேனை நிறுத்தியிருந்தோம். டிசம்பர் மாதம், மாலை ஆறு மணி. குல்லாய்க்கு மேல் ஒரு துண்டையும் சுற்றிக்கொண்டு நின்றார் அவர். வேனுக்குள்ளே 183 லிட்டர் பிரிட்ஜ் ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தேன் நான். கேள்வி நியாயமானதுதான்.

பதிலும் இருந்தது. அம்மாவுக்கு இன்சுலின். திறந்த குப்பியைச் சில வாரங்கள் வெளியில் வைத்துக்கொள்ளலாம். திறக்காத குப்பிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. மேல்மலையில் பத்து நாள் தங்கினாலும், மதுரையிலிருந்து அடிவாரத்து வத்தலக்குண்டு வரை வெயிலைக் கடந்துதானே ஏற வேண்டும். வழியில் வாங்கும் மீனும், வீட்டில் ஆட்டி எடுத்துவந்த மாவும் அந்தப் பெட்டியில் இடம் பிடித்துக்கொண்டன. (மலைக் குளிரில் மாவு புளிக்கவே புளிக்காது. இரண்டு நாள் கழித்தும் கல் மாதிரி இட்லி வந்ததைச் சொன்னால் வீட்டில் இன்னும் சண்டை வரும்.)

மின் இணைப்பு இல்லாத இடத்தில் வண்டிக்குள் பிரிட்ஜ் ஓட்டுவது என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: வீட்டு யூபிஎஸ்ஸுக்குப் போடும் டியூபுலர் என்ற ஈய-அமில பேட்டரியா, லித்தியமா? நானும் அங்கேதான் தொடங்கினேன். இரண்டையும் வாங்கி, இரண்டையும் மேல்மலைக்கு ஏற்றி, மூன்று குளிர்காலம் ஓட்டிப் பார்த்த பிறகு தெரிந்தது, முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு என்று.

பிரிட்ஜ் எவ்வளவு சாப்பிடுகிறது?

பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் நட்சத்திர முத்திரைத் தாளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பார்கள். என்னுடையதில் 170. அதை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. பூம்பாறையில் பிளக் மீட்டர் மாட்டிப் பார்த்தபோது 0.3 யூனிட்தான் காட்டியது. இரவில் வேனுக்குள்ளேயே 11, 12 டிகிரி இருந்தால் கம்ப்ரசருக்கு என்ன வேலை?

ஆனால் பேட்டரியிலிருந்து அன்று போனது 0.3 அல்ல, கிட்டத்தட்ட 0.7 யூனிட். மீதியைத் தின்றது இன்வெர்ட்டர். 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக மாற்றும் அந்தப் பெட்டி, பிரிட்ஜ் ஓடினாலும் ஓடாவிட்டாலும், தான் விழித்திருப்பதற்கே 15 வாட் எடுத்துக்கொண்டது. 15 வாட் என்றால் ஒரு சிறிய எல்இடி பல்புதான். அதையே 24 மணி நேரத்தால் பெருக்கினால் 0.36 யூனிட், பிரிட்ஜ் குடிப்பதைவிட அதிகம். மாற்றத்தில் ஏற்படும் இழப்பு தனி. சமவெளி வெயிலில் பிரிட்ஜே நிறையச் சாப்பிடுவதால் இந்தத் திருட்டு கண்ணில் படாது. குளிரில்தான் பளிச்சென்று தெரிகிறது.

இன்வெர்ட்டர்களில் சில, சுமை இல்லாதபோது தூங்கிச் சில விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். மின்னணுக் கட்டுப்பாடு உள்ள பிரிட்ஜ்கள் அந்த எட்டிப்பார்ப்பில் விழித்துக்கொள்வதில்லை. என்னுடையது விழிக்கவில்லை. அதனால் எளிய வழிக்குப் போனேன்: இரவு பத்து மணிக்கு இன்வெர்ட்டரை நிறுத்தி, காலை ஆறுக்குப் போட்டேன். உள்ளே வைத்த வெப்பமானி 4 டிகிரியிலிருந்து 6-க்கு ஏறியிருந்தது, அவ்வளவுதான். இதை வத்தலக்குண்டில் செய்யாதீர்கள்.

வீட்டு பிரிட்ஜா, 12 வோல்ட் பெட்டியா?

ஆக, முதல் ஒப்பீடு பேட்டரிகளுக்கு இடையில் இல்லை. வீட்டு பிரிட்ஜுக்கும், நேரடியாக 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் பெட்டிக்கும் இடையில்.

வீட்டு பிரிட்ஜின் பெரிய பலம், அது ஏற்கெனவே வீட்டில் இருப்பது. இடம் தாராளம், எந்த ஊரிலும் பழுதுபார்க்க ஆள் கிடைப்பார். பலவீனங்கள் மலைப்பாதையில் ஒவ்வொன்றாக வெளிவரும். கொண்டை ஊசி வளைவில் கதவு தானாகத் திறந்து, மாவுச் சட்டி வண்டியின் தரையெல்லாம் கோலம் போட்டதைத் துடைக்க அரை நாள் ஆனது. பழைய வகைக் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் ஓடும் வாட்டைப்போலப் பல மடங்கு இழுக்கும். இன்வெர்ட்டர் அதைத் தாங்க வேண்டும், அது தரும் மின்சாரமும் வீட்டு மின்சாரம்போலச் சீராக ஏறி இறங்கும் சைன் அலையாக இருக்க வேண்டும். சதுர அலை யூபிஎஸ்ஸில் போட்டால் மோட்டார் முனகும், சூடாகும். வேகம் மாறும் கம்ப்ரசர் கொண்ட புதிய மாடல்கள் மெதுவாகக் கிளம்புவதால் இந்தத் தொல்லை குறைவு.

குளிர் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. அறை வெப்பம் குறைந்தது 16 டிகிரியாவது இருக்கும் என்ற கணக்கில்தான் வீட்டு பிரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றை வடிவமைக்கிறார்கள். அதற்குக் கீழே போனால், ஒரே தெர்மோஸ்டாட் கொண்ட சில இரட்டைக் கதவு மாடல்களில் கீழறை போதுமான அளவு குளிர்ந்துவிட்டதாக நினைத்துக் கம்ப்ரசர் நின்றே இருக்கும். மேலே ஃப்ரீஸரில் மீன் இளகத் தொடங்கும்.

12 வோல்ட் பெட்டி 40, 45 லிட்டர்தான். திறப்பு மேல்பக்கம் என்பதால் திறந்தாலும் குளிர்க்காற்று கொட்டிப்போகாது. இன்வெர்ட்டர் தேவையே இல்லை. ஓடும்போது 45, 50 வாட் எடுக்கிறது. பூம்பாறையில் நாளுக்கு கால் யூனிட்டுக்கும் குறைவு. அடிவாரச் சூட்டில் அதற்கு இரு மடங்கு. விலைதான் கசப்பு: வீட்டு பிரிட்ஜ் வாங்கும் பணத்தைக் கொடுத்தால் அதில் கால்வாசி இடம் கிடைக்கிறது. நான்கு பேருக்கு ஒரு வாரக் காய்கறி வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பூம்பாறையில் காரட்டையும் உருளைக்கிழங்கையும் பிரிட்ஜில் வைப்பவர் யார் என்பது வேறு விஷயம்.

பேட்டரியே வேண்டாத மற்ற இரண்டு வழிகளையும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். எரிவாயுவில் ஓடும் பிரிட்ஜ், 1922-இல் ஸ்வீடனில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த அழகான யோசனை. நகரும் பாகம் எதுவும் இல்லை. ஆனால் வண்டி சமதளத்தில் நின்றால்தான் ஒழுங்காக வேலை செய்யும். படிக்கட்டு வயல்களின் ஊரில் சமதளத்தைத் தேடி நான் எங்கே போவது? ஜன்னல் அடைத்த வண்டிக்குள் சுடர் எரிவதும் பயம். ஐஸ் பெட்டியோ, அடிவாரத்தில் மீன்கடைக்குப் பக்கத்தில் ஐஸ் பாரை வாங்கிப் போட்டால், மேலே போய் மூன்று நாள் தாக்குப்பிடிக்கிறது. மீனுக்குப் போதும். இன்சுலினை அதற்குள் நம்பி வைக்க மாட்டேன். ஐஸை ஒட்டியிருந்தால் உறையும், உருகினால் மிதக்கும்.

இப்போது பேட்டரிக்கு வரலாம்

என்னிடம் இருந்தவை 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி; வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட்) டியூபுலர் ஒன்று, 12.8 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ஒன்று. எண்ணைப் பார்த்தால் டியூபுலர்தான் பெரியது. ஆனால் ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். எனவே கைக்குக் கிடைப்பது 0.9 யூனிட். லித்தியத்தில் பத்தில் ஒன்பது பங்கை அச்சமில்லாமல் எடுக்கலாம், 1.15 யூனிட். குளிரில் ஈயத்தின் கொள்ளளவு இன்னும் கொஞ்சம் சுருங்கும். வீட்டு பிரிட்ஜை இன்வெர்ட்டரோடு ஓட்டினால் டியூபுலர் ஒன்றேகால் நாள், லித்தியம் ஒன்றரை நாளுக்குச் சற்று மேல். 12 வோல்ட் பெட்டியை ஓட்டினால் முறையே நான்கு நாள், ஐந்து நாள். பெட்டியை மாற்றியதில் நாள் மூன்று மடங்கானது. பேட்டரியை மாற்றியதில் கால் மடங்குதான் கூடியது. பேட்டரிக் கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்படியானால் விலை குறைந்த டியூபுலரே போதுமே என்று தோன்றும். நானும் முதல் குளிர்காலம் முழுவதும் அப்படித்தான் வாதிட்டேன். என்னைத் தோற்கடித்தது மூடுபனி.

கொடைக்கானலில் சூரியனை ஆராயும் கூடம் 1899-லிருந்து இருக்கிறது. நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் ஊரில் சோலாருக்கு என்ன குறை என்று நினைத்துக் கூரையில் இருநூறு வாட் பலகை போட்டேன். காலையில் அது அருமையாக வேலை செய்கிறது; குளிர்ந்த பலகை சூடான பலகையைவிட அதிகம் தரும் என்பது இங்கே கண்கூடு. பகல் ஒரு மணிக்கு மேல் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவந்தால் எல்லாம் முடிந்தது. தெளிந்த ஜனவரி நாளில் 0.7 யூனிட் தந்த பலகை, மூடிய நாளில் 0.15 தந்தது. வண்டியைச் சவுக்கு, யூகலிப்டஸ் நிழலில் நிறுத்தினால் அதுவும் இல்லை. ஒரு கிளையின் நிழல் பலகையின் ஓரத்தில் விழுந்தாலே மொத்த மின்சாரமும் சரிகிறது.

வண்டியை நகர்த்தி எஞ்சினில் ஏற்றிக்கொள்ளலாம் என்றால், அதுவும் நினைத்தபடி நடப்பதில்லை. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். வனத்துறை நிலத்தில் அனுமதி இல்லாமல் இரவு தங்க முடியாது. தெரிந்தவர் தோட்டம் கிடைத்தால் வண்டி அங்கேயே ஐந்து நாள் நிற்கும்.

இப்படிப் பாதி நிரம்பி, பாதி காலியாக நாட்கணக்கில் கிடப்பது ஈய பேட்டரிக்கு விஷம். தட்டுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. லித்தியத்துக்குப் பாதி நிலை சுகமான நிலை. ஏறும் வழியிலும் இதே கதைதான். அடிவாரத்துக் காட்ரோட்டிலிருந்து மேலே வர இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 ஏஎச் டியூபுலருக்கு 15 ஆம்பியர்தான் அளவான சார்ஜ். மேலே வந்து சேரும்போது 37 ஏஎச் ஏறியிருக்கும், கடைசிப் பகுதி நிரம்ப இன்னும் பல மணி நேரம் பிடிக்கும். லித்தியம் 30 ஆம்பியரைத் தயங்காமல் வாங்கிக்கொண்டு 75 ஏஎச் நிரப்பிக்கொண்டது. இதற்கு எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவே, சார்ஜ் அளவைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். அது இல்லாமல் நேராக இணைத்தால் லித்தியம் அளவுக்கு மீறி இழுத்து ஆல்டர்னேட்டரைச் சுட்டுவிடும்.

எடை, பாதுகாப்பு இரண்டிலும் எனக்குத் தயக்கமே இல்லை. டியூபுலர் ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேல், லித்தியம் பன்னிரண்டு. டியூபுலரில் அமிலம் வளைவுகளில் தளும்பும். சார்ஜ் ஆகும்போது எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வெளிவரும். குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் அடைத்துக்கொண்டு நான்கு பேர் தூங்கும் அறையில் அதை வைக்கவே கூடாது. நான் வைத்தேன், முதல் வருடம். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

லித்தியத்தைக் குறை சொல்லாமல் விட்டால் கடைக்காரன் ஆகிவிடுவேன். ஒரே கொள்ளளவுக்கு இரண்டு, மூன்று மடங்கு விலை. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. மன்னவனூர்ப் புல்வெளியில் உறைபனி விழும் ஜனவரி விடியலில் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பேட்டரியை வண்டிக்குள் இருக்கையின் கீழே வைத்தால் போதும். வாங்கும்போது குளிரில் சார்ஜை நிறுத்தும் வசதி உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். இன்னொன்று, லித்தியத்தின் வோல்ட் கடைசி வரை கிட்டத்தட்ட ஒரே மாதிரி நிற்பதால் வோல்ட் மீட்டரைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க முடியாது. போன ஆம்பியரையும் வந்த ஆம்பியரையும் எண்ணும் ஷன்ட் மீட்டர் தனியாக வேண்டும்.

எந்தப் பேட்டரியானாலும் ஒயரை மறக்காதீர்கள். ஒரு நடு இரவில் இன்வெர்ட்டர் கீச்சிட ஆரம்பித்தது. பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம். வண்டிக்கு ஒயரிங் செய்தவர் மெல்லிய ஒயரை மூன்று மீட்டர் இழுத்து விட்டிருந்தார். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் வழியிலேயே வோல்ட் விழுந்து, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று இன்வெர்ட்டர் நம்பியது. தடித்த ஒயரை அரை மீட்டருக்குள் இணைத்து, பேட்டரி முனையிலேயே ஃபியூஸ் போட்ட பிறகு சத்தம் இல்லை.

இப்போது வண்டியில் இருப்பது 12 வோல்ட் பெட்டி ஒன்று, லித்தியம் ஒன்று, அதே சோலார் பலகை. வீட்டு பிரிட்ஜ் வீட்டுக்கே திரும்பிவிட்டது. வேகம் மாறும் கம்ப்ரசர் பிரிட்ஜ் ஏற்கெனவே கையில் இருந்து, நான்கைந்து பேருக்குச் சமைத்தாக வேண்டும் என்றால் அதையே லித்தியத்தோடும் நல்ல சைன் அலை இன்வெர்ட்டரோடும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 200 ஏஎச்-க்குக் குறையாமல் போடுங்கள். இரண்டே இரவுக்கு ஏறி இறங்குபவருக்கு ஐஸ் பார் போதும் என்று சொன்னால் பேட்டரி விற்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். போதும்தான்.

டியூபுலரைப் பெரியவர் கேட்டு வாங்கிக்கொண்டார். பூண்டைக் கட்டித் தொங்கவிடும் அவருடைய கொட்டகையில் இரண்டு பல்புக்கும் ஒரு ரேடியோவுக்கும் அது ஓடுகிறது. சுவர்ப் பலகைகளுக்கு நடுவே காற்று போய் வருவதால் ஹைட்ரஜன் தங்காது. நகராத இடம் என்பதால் அமிலம் தளும்பாது. சுமை மிகக் குறைவு என்பதால் மூடுபனி நாளிலும் நிரம்பிவிடுகிறது. போன மாதம் போயிருந்தபோது மூடியைத் துடைத்துக் காட்டினார். உள்ளே தண்ணீர் மட்டம் காட்டும் ஆறு மிதப்புகளும் பச்சைக் கோட்டில் நின்றன. "உங்கள் வண்டியில் இருந்தபோது ஒன்றாவது இப்படி நின்றதா, தம்பி?" என்றார்.