உயர்தர உயிரியல் கைநூல்: படங்கள் அருமை, கூர்ப்புப் பாடம் சரியில்லை

தம்பியின் மகள் அடுத்த வருடம் உயர்தரம் எடுக்கிறாள். அவளுக்காக யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திப் பக்கம் ஒரு கடையில் உயிரியல் மீட்டல் கைநூல் வாங்கினேன், 900 ரூபாய். புத்தகத்தின் பெயரை இங்கே போடவில்லை. ரியூசன் பிள்ளைகளின் கையில் இப்படி நாலைந்து புத்தகங்கள் புழங்குகின்றன, எதை வாங்கினாலும் கூர்ப்பு (பரிணாமம்) பாடத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

இதயம், சிறுநீரகம் படங்கள் நல்ல தெளிவு. கடந்தகால வினாக்களைப் பாடவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். தாளும் தடிப்பு, மை ஊறவில்லை.

கூர்ப்புக்கு வந்தால் றோஸ் நிறப் பெட்டிக்குள் ஒரு செய்தி: மச்சம், கூர்மம், வராகம், நரசிம்மம் என்று வரும் தசாவதாரமே கூர்ப்புக் கொள்கைதானாம், டார்வினுக்கு முன்பே நாங்கள் கண்டுபிடித்துவிட்டோமாம். மருமகள் அதற்குக் கீழே இரண்டு கோடு இழுத்துவிட்டு, "மாமி, இது சோதினைக்கு வருமா?" என்று கேட்டாள். வல்லிபுர ஆழ்வார் என்ற விஷ்ணு கோயிலின் கடல் தீர்த்தத்துக்கு வருடம் தவறாமல் போகிறவள் நான், அவதாரக் கதை எனக்குப் பெரிது. ஆனால் நாளைக்கு எந்தப் பாறையில் எந்த எலும்பு கிடைத்தாலும் அந்தக் கதைக்கு ஒன்றும் ஆகாது, ஆகவும் தேவையில்லை. அதனால்தான் அதை விஞ்ஞானப் பாடத்தில் வைக்கக்கூடாது.

மீன் தரையேறிய கதையை விஞ்ஞானம் எப்படிச் சொல்கிறது என்று அதே பக்கத்தில் போட்டிருக்கலாம். ஏறத்தாழ 380 மில்லியன் ஆண்டுப் பாறையில் மீன் இருக்கிறது, 365 மில்லியன் ஆண்டுப் பாறையில் நாலுகால் பிராணி இருக்கிறது, அப்படியென்றால் இடைப்பட்ட காலத்து ஆற்றுப் படிவுகளில் இரண்டும் கலந்த ஒன்று கிடைக்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் புதைபடிவ ஆய்வாளர் நீல் ஷூபினும் கூட்டாளிகளும் கனடாவின் வடமுனைப் பக்கத்து எல்ஸ்மியர் தீவில் வருடக்கணக்காகத் தேடினார்கள். 2004இல் கிடைத்ததுதான் டிக்டாலிக் என்ற புதைபடிவம். செதிலும் செட்டையும் மீனுக்கு, கழுத்து தரைப்பிராணிக்கு, செட்டைக்குள்ளே மணிக்கட்டு மாதிரி எலும்பு. அதோடு முடியவும் இல்லை: 2010இல் போலந்தில் அதைவிடப் பழைய, ஏறத்தாழ 390 மில்லியன் ஆண்டு நாலுகால் பிராணியின் காலடித் தடங்கள் என்று அறிக்கை வந்ததும், தரையேறிய காலத்தையே மறுபடி கணக்குப் பார்க்க வேண்டி வந்தது. ஆதாரம் வந்தால் அசைந்து கொடுக்கிற இந்தக் குணத்தைத்தான் பிள்ளை படிக்கவேண்டும், புத்தகத்தில் அதற்கு ஒரு வரி கிடையாது.

இன்னொரு குறை, இது கூர்ப்பின் பக்கம் நின்று சொன்னதில். "தக்கவை பிழைக்கும்" என்று எழுதிவிட்டு, தக்கவை எவை என்றால் பிழைத்தவை என்று அடுத்த வரியில் விளக்கம். சுற்றிச் சுற்றி அதே இடம், இதைப் பிழை என்று யாரும் எப்படிக் காட்டுவது? மலேரியா நுளம்பை எடுத்திருந்தால் போதும். டீ.டீ.ரீ. என்ற பூச்சிமருந்து தெளிக்கிற இடங்களில் அதைத் தாங்கும் மரபணு உள்ள நுளம்புகள் தலைமுறைக்குத் தலைமுறை பெருகவேண்டும், தெளிக்காத இடத்தில் அப்படிப் பெருகக் காரணமில்லை. போய்ப் பிடித்து எண்ணிப் பார்க்கலாம், எண்ணிக்கை மாறி வந்தால் கொள்கைக்குத்தான் சிக்கல். இலங்கையிலேயே நுளம்பு அந்த மருந்துக்கு அசையாமல் போய், 1970களில் மலத்தியன் என்ற வேறு மருந்துக்கு மாறவேண்டி வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் உண்டா?

சரி, வாங்கலாமா? உடலியல் பாடங்களுக்கு வாங்குங்கள். கூர்ப்புக்குப் பாடசாலை ரீச்சரின் குறிப்பை வைத்துக்கொள்ளுங்கள். மருமகளின் புத்தகத்தில் றோஸ் பெட்டிக்குப் பக்கத்தில் பென்சிலால் "என்ன கிடைத்தால் இது பிழையாகும்?" என்று எழுதிக் கொடுத்தேன். இப்போது இரசாயனவியல் கொப்பியிலும் அதையே எழுதி வைத்திருக்கிறாள்.