காசு யார் கைக்குப் போகிறது? நான்கு ஆட்டம், நான்கு கணக்கு

யாங்கோன் அனோரத்தா சாலைப் பக்கம் ஒரு டீக்கடை. சின்ன பிளாஸ்டிக் ஸ்டூல், ஆளுக்கொரு போன். ஆளுக்கு ஒரு டீ சொன்னால் போதும், பச்சைத் தேநீர் பிளாஸ்க் சும்மா வரும். அதை வைத்தே மூன்று மேட்ச் ஓட்டிவிடுவோம். நான், என் தம்பி, மாமா மகன்கள் இரண்டு பேர், கீழ்வீட்டுப் பர்மியப் பையன் ஒருவன். ஐந்து பேர் சேர்ந்த அணி என்று பேர். நடக்கும் சண்டையில் முக்கால்வாசி எங்களுக்குள்ளேதான். "அண்ணே, அது என் மினியன், கை வைக்காதீங்க!"

டோட்டா 2, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், மொபைல் லெஜண்ட்ஸ், ஹீரோஸ் ஆஃப் த ஸ்டார்ம் என்று ஐந்து பேர் ஐந்து பேரோடு மோதும் இந்த வீடியோ ஆட்டங்களில் அடிப்படை ஒன்றுதான். பாதைகளில் (அதுதான் லேன்) ஆட்டமே அலை அலையாக அனுப்பும் சின்னப் படையாட்கள்தான் மினியன். கோல்ட் சேர்த்தால் ஆயுதம் வாங்கலாம், அனுபவம் சேர்ந்தால் லெவல் ஏறும். ஆனால் வருகிற காசை ஐந்து பேரும் எப்படிப் பங்கு போடுகிறார்கள் என்பதில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு குணம் இருக்கிறது. நான் நான்கையும் ஆடிப் பார்த்தவன், நான்கிலும் திட்டு வாங்கியவன்.

டோட்டா 2-இல் இருந்து தொடங்குவோம், அதுதான் கறார் ஆசாமி. 2013-இல் வெளியானது, அதன் வேர் அதற்கும் முந்தைய வார்கிராஃப்ட் 3 மேப் ஒன்றில். இங்கே மினியனுக்குப் பேர் கிரீப். கிரீப்பின் உயிரை எடுக்கும் கடைசி அடி யாருடையதோ காசும் அவருக்கே. பத்து அடி அடித்துவிட்டு பதினோராவதை இன்னொருவன் அடித்தால் போச்சு. போதாததற்கு டினை என்று ஒரு வேலை. உங்கள் அணிக் கிரீப்பின் உயிர் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் அதை நீங்களே கொன்றுவிடலாம். எதிரிக்கு அதன் காசு கிடைக்காது, அனுபவமும் குறையும்.

முதல் ஐந்து நிமிடம் இதை ஆடிப் பார்த்தால்தான் புரியும். கிரீப்பின் சிவப்புக் கோடு நூலளவு நிற்கிறது. நீங்கள் ஆட்டுவிக்கும் ஆளான ஹீரோ கையை ஓங்கி இறக்கக் கால் நொடியோ அரை நொடியோ ஆகும். முன்கூட்டி ஓங்கினால் உயிர் மிச்சம் இருக்கும், எதிரி வந்து முடித்துவிடுவான். தாமதித்தால் உங்கள் கிரீப்புகளே அதைக் கொன்றுவிடும், காசு யாருக்கும் இல்லை. அதனால் கையை ஓங்குவதும் நிறுத்துவதுமாகப் பொய் வீச்சு வீசிக்கொண்டே நிற்க வேண்டும். எதிரே நிற்பவனும் அதே பொய்யைத்தான் வீசிக்கொண்டிருப்பான்.

செத்தால் கையில் இருக்கும் காசிலும் ஒரு பங்கு போய்விடும். உடனே உயிர்த்து வர வேண்டுமா? அதற்கும் காசு கட்டு. ரங்கூன் மொகல் தெருவில் செட்டியார்கள் பேரேடு வைத்திருந்த காலத்துக் கறார் இது. ஆட்டக்காரர்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் கொடுப்பதே யாருக்குக் காசு முதலில் என்ற வரிசையில்தான். ஒன்றாம் எண் கேரி, அதாவது காசு சேர்த்து அணியைத் தூக்கிச் செல்ல வேண்டியவர், வீட்டுக்கு மூத்த மருமகன் மாதிரி. ஐந்தாம் எண் சப்போர்ட், மற்றவருக்குத் துணை நிற்பவர், அடுப்படியில் நின்று சாப்பிடுகிறவர். பக்கத்தில் நிற்கும் ஆட்களுக்குள் அனுபவம் பிரிந்துபோகும் என்பதால், ஐந்தாம் எண்காரர் சும்மா பக்கத்தில் நின்றாலே கேரியின் லெவலைத் தின்கிறார் என்று பொருள்.

ஆனால் அந்த ஏழைக்கும் ஒரு கைவேலை உண்டு. காட்டில் இருக்கும் மிருகக் கூட்டங்கள், இடம் காலியாக இருந்தால் நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாகப் பிறக்கும். 53, 54-ஆவது நொடியில் ஒரு அடி கொடுத்து அவற்றைத் துரத்த வைத்து வெளியே இழுத்தால், இடம் காலி என்று நினைத்து ஆட்டம் இன்னொரு கூட்டத்தை இறக்கும். இப்போது இரண்டு கூட்டம். இப்படி அடுக்கி வைத்துக் கேரிக்கு ஊட்டுவதில் எனக்கு ஒரு தனி சுகம் உண்டு, என்னை யாரும் கவனிக்காவிட்டாலும்.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் இதற்குத் தங்கை முறை, மனசு கொஞ்சம் இளகியது. 2009-இல் வந்தது. கடைசி அடி இங்கேயும் உண்டு, டினை கிடையாது, செத்தால் பையில் இருக்கும் காசு போகாது. கணக்குப் போட விரும்புகிறவர்களுக்கு நல்ல ஆட்டம். கைச்சண்டை மினியனுக்கு 21, தூரத்திலிருந்து எறிவதற்கு 14. மூன்றும் மூன்றும் வருகிற சாதாரண அலை ஒன்றில் 105. ஒரு ஆளைக் கொன்றால் சாதாரணமாக 300. அப்படியென்றால் மூன்று அலையை முழுதாக அடித்தாலே 315, ஒரு கொலையை மிஞ்சிவிடும். என் மாமா மகனுக்கு இதை டிஷ்யூ பேப்பரில் எழுதியே காட்டினேன். அவன் தலையாட்டிவிட்டு, அடுத்த மேட்சில் இரண்டு அலையை விட்டுவிட்டு ஆளைத் துரத்திக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போனான். வெறுங்கையோடு திரும்பினான்.

எங்கள் டீக்கடைக்குப் பொருந்தியது போனில் ஆடும் மொபைல் லெஜண்ட்ஸ்தான். இங்கே பையன்களுக்கு அது வெறும் விளையாட்டு இல்லை. 2021 ஜனவரியில் சிங்கப்பூரில் நடந்த எம்2 என்ற மொபைல் லெஜண்ட்ஸ் உலகப் போட்டி இறுதியில் மியான்மரின் பர்மீஸ் கூல்ஸ் அணி பிலிப்பைன்ஸின் பிரென் அணியிடம் 3-4 என்று தோற்றதைச் சொன்னால் இப்போதும் உச்சுக் கொட்டுவார்கள்.

இதில் லேனுக்குப் பெயரே காசுக் கணக்கு. ஒன்று கோல்ட் லேன், இன்னொன்று எக்ஸ்பி (அனுபவம்) லேன். முதலாவதில் வண்டி மினியன் கூடுதல் காசு தரும், இரண்டாவதில் கூடுதல் அனுபவம். கடைசி அடி தவறினாலும் பக்கத்தில் நின்றால் ஏதோ கொஞ்சம் கிடைக்கும், அடித்தால் நிறைய. மேப்பில் வரும் ஆமை மிருகத்தைக் கொன்றால் அணி முழுவதுக்கும் பங்கு. எனக்குப் பிடித்தது ரோம் காலணி, ஒரே லேனில் நிற்காமல் சுற்றித் துணை நிற்பவருக்கானது. அதைப் போட்டுக்கொண்டவர் ஆரம்பக் கட்டத்தில் தோழர் பக்கத்தில் நின்றாலும் மினியன் காசில் பங்கு எடுக்க மாட்டார், ஈடாகத் தனியே கொஞ்சம் காசு வந்துகொண்டிருக்கும். டோட்டாவில் நல்ல மனசை நம்பி விட்ட விஷயத்தை இங்கே செருப்பிலேயே சட்டமாக எழுதிவிட்டார்கள். குறை என்னவென்றால், இவ்வளவு சௌகரியத்தில் வளர்ந்தவன் கடைசி அடியின் அருமை தெரியாமலே மேலே வந்துவிடுகிறான். என் தம்பியைக் கம்ப்யூட்டரில் டோட்டா முன் உட்கார வைத்தபோது பத்து நிமிடத்தில் பதினொரு கிரீப்தான் எடுத்தான்.

ஹீரோஸ் ஆஃப் த ஸ்டார்ம் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். 2015-இல் வந்தது, 2022-லேயே புது ஹீரோ எதுவும் இனி வராது என்று அறிவித்துவிட்டார்கள். ஆனால் யோசனை அழகு. கோல்டே கிடையாது, கடையும் இல்லை. அனுபவம் அணிக்கே பொது, ஐந்து பேருக்கும் ஒரே லெவல். 1, 4, 7, 10 என்று லெவல் ஏற ஏறத் திறமை தேர்ந்தெடுக்கலாம். கூட்டுக் குடும்பம். கூட்டுக் குடும்பத்தின் தொல்லையும் உண்டு. நீங்கள் எவ்வளவு உழைத்தாலும் தனியாகப் பெருக்க முடியாது, ஒருவன் லேனைக் காலியாக விட்டால் ஐந்து பேருக்கும் நஷ்டம். என் சின்ன மாமா மகனுக்கு இது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. "நான் சம்பாதிச்சது எங்க அண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

தனியாக உட்கார்ந்து, காசு என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள டோட்டாவுக்கு மேல் எதுவும் இல்லை. வீட்டில் கம்ப்யூட்டரும் நிற்காத கரண்டும் இருந்தால் நான் அதைத்தான் ஆடுவேன். சொந்தக்காரர்களோடு ஆடுவதென்றால் மொபைல் லெஜண்ட்ஸ். கரண்ட் போனாலும் போனில் சார்ஜ் இருக்கும்வரை ஆட்டம் நடக்கும். போன மாதம் மூத்தவன் என்ற முறையில் நானே ரோம் காலணியை எடுத்துக்கொண்டேன். கோல்ட் லேனைச் சின்னவனிடம் கொடுத்தாயிற்று. மினியன் சண்டை நின்றுவிட்டது. இப்போது எக்ஸ்பி லேன் யாருக்கு என்று தம்பியும் கீழ்வீட்டுப் பையனும் தமிழிலும் பர்மியிலும் மாறிமாறிக் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.