போகும்போதும் எதிர்வெயில், வரும்போதும் எதிர்வெயில்: முகத்துக்கு பி.ஆர்.பி. செய்து ஒன்றரை வருடம் கழித்து

தம்பி மனைவி நேற்று ராத்திரி போன் பண்ணினாள். "மதினி, மதுரையில நீங்க போன இடத்துல விலையைக் குறைச்சிருக்காங்களாம். மூணு சிட்டிங்கும் சேர்த்தே ₹12,000-தானாம். நானும் போகட்டுமா?"

நான் ஒரு சிட்டிங்குக்கே ₹6,000 கொடுத்தவள். காலையில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பீர்கள், அதனால் எழுதியே விடுகிறேன்.

பி.ஆர்.பி. என்றால் நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, பிளேட்லெட் செறிந்த பகுதியை முகத்தில் ஏற்றுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். டெங்கு வந்த வீட்டில் "கவுண்ட் எவ்வளவு?" என்று கேட்போமே, அதே பிளேட்லெட்தான். சாதாரணமாக ஒரு மைக்ரோ லிட்டருக்கு 1.5 லட்சத்திலிருந்து 4.5 லட்சம் வரை இருக்கும். அதைச் சில மடங்கு செறிவாக்குகிறார்கள். எனக்கு 20 மி.லி. ரத்தம் எடுத்தார்கள். மெஷினிலிருந்து வெளியே வந்த குழாயை நர்ஸ் ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். அடியில் கருஞ்சிவப்பு, மேலே வெளிறிய நல்லெண்ணெய் நிறத்தில் தெளிந்த நீர், இரண்டுக்கும் நடுவே வெற்றிலையில் தடவிய சுண்ணாம்பு மாதிரி மெல்லிசாக ஒரு வெள்ளை ஏடு. அந்த ஏட்டை ஒட்டிய பகுதியில்தான் பிளேட்லெட் திரண்டு நிற்கும். கடைசியில் கைக்கு வந்தது மூன்று, நான்கு மி.லி.தான். மரத்துப்போகும் கிரீமைத் தடவி முக்கால் மணி நேரம் உட்காரவைத்து, நுண்ணூசிக் கருவியால் குத்திக் குத்தி அதை உள்ளே இறக்கினார்கள். நெற்றியில் வலி உயிர் போனது. இரண்டு நாள் சிவப்பு, மூன்றாம் நாள் தோல் உரிந்தது, அவ்வளவுதான்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், அது நிஜமாகவே நல்லது. காலேஜ் காலத்துப் பருக்கள் விட்டுப்போன குழிகள் என் கன்னத்தில் இருந்தன. இடது கன்னத்தில் இருந்ததில் ஒன்று ஒரு குருணை அரிசி உட்காரும் ஆழம். இருபது வருடமாக முகம் கழுவும்போதெல்லாம் விரல் தானாக அங்கே போய் நிற்கும். மூன்றாவது சிட்டிங் முடிந்து இரண்டு மாதம் வரை ஒன்றும் தெரியவில்லை. பிளேட்லெட் விடுகிற வளர்ச்சிக் காரணிகள் தோலைத் தூண்டி, அது புதிதாகக் கொலாஜன் என்கிற, தோலுக்கு உறுதி தரும் புரதத்தை உண்டாக்க மாதக்கணக்கில் ஆகும். பிறகு ஒருநாள் விடியற்காலையில் இருட்டோடு முகம் கழுவிக்கொண்டிருந்தேன், விரல் அந்தக் குழியைத் தேடியது, கிடைக்கவில்லை. லைட்டைப் போட்டுப் பார்த்தால் இருக்கிறது, ஆனால் கைக்குத் தட்டுப்படவில்லை. அழுகையே வந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே இருந்த சுருக்கமும் இளகியிருக்கிறது. ஊசி குத்தியதிலேயே பாதி நடந்திருக்கலாம். எதனால் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் நான் போனது குழிக்காக இல்லை, மங்குக்காக. கன்ன எலும்பு இரண்டிலும் பழுப்பாகப் படர்ந்திருக்கிற மங்கு. "எல்லாமே சரியாகும்மா" என்றார்கள், நம்பினேன்.

நான் இருப்பது மண்டபம் என்கிற ஊரில், வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் கடலுக்கு அந்தப் பக்கம் பாம்பனில். தினமும் ஸ்கூட்டியில் சாலைப் பாலம் ஏறி இறங்க வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நிழல் என்று ஒரு கையகலம் கிடையாது. காலையில் கிழக்கே போகிறேன், சூரியன் நேர் முகத்தில். சாயங்காலம் மேற்கே திரும்புகிறேன், அப்போதும் நேர் முகத்தில். கீழே கடல் பளபளத்து அந்த வெயிலை மறுபடி மேலே எறியும். ஊசி குத்திய தோலோடு திங்கட்கிழமை அந்தப் பாலத்தில் போனேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று மூன்று மாதமும் சனிக்கிழமை சிட்டிங், திங்கட்கிழமை பாலம். மார்ச் முடிவதற்குள் மங்கு முன்பைவிடக் கறுத்துவிட்டது.

பிறகு ராமநாதபுரத்தில் வேறொரு தோல் டாக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "வேலைக்கு எதுல போறீங்க, எத்தனை மணிக்கு?" மதுரையில் இதை ஒருவர்கூடக் கேட்கவில்லை. மருந்து ஒவ்வாமை கேட்டார்கள், வலி மாத்திரை சாப்பிடுகிறேனா என்று கேட்டார்கள், பணம் கார்டா கேஷா என்று கேட்டார்கள். எங்கே வசிக்கிறாய், எவ்வளவு வெயிலில் நிற்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மே மாத லீவில் ஆரம்பித்து வீட்டுக்குள்ளேயே இருந்திருப்பேன். ஒன்றரை வருடமாகியும் இந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. ராமநாதபுரம் டாக்டர் எழுதித் தந்தது தோல் நிறத்திலேயே வருகிற, அயர்ன் ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன். மங்கைக் கறுக்க வைப்பதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்கு உண்டாம், அதையும் இது தடுக்கும் என்றார். பாலம் ஏறும் முன் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, கிளம்பும்போது ஒரு தடவை தடவுகிறேன். பழையபடி கொஞ்சம் வெளுத்திருக்கிறது.

எங்கே போனாலும் ஊசியைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள், குழாயில் உங்கள் பெயரைப் பாருங்கள். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஒரு அழகு நிலையத்தில் இதைச் செய்துகொண்ட பெண்களுக்கு ஹெச்.ஐ.வி. தொற்றியதை அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-ல் அறிக்கையாகவே வெளியிட்டது. பார்லரில் செய்கிறார்கள் என்றால் வாசலோடு திரும்பிவிடுங்கள்.

காலையில் அவளுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்: "வேணாம்மா. நீ பகல் முழுக்கக் கருவாட்டுக் களத்துல நிக்கிறவ. என் முகத்துக்காவது ஹெல்மெட் கண்ணாடி இருந்துச்சு, உனக்கு அதுவும் கிடையாது. அந்தப் பன்னிரண்டாயிரத்துல ஒரு ரூபாகூட அங்க கொண்டுபோய்க் கொடுக்காத." என் சன்ஸ்கிரீன் டியூபில் மிச்சம் இருக்கிறது, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள் என்றேன். அவளுக்கு வருத்தம்தான். "உங்க கன்னம் எம்புட்டு நல்லாருக்கு மதினி" என்றாள்.

நல்லாத்தான் இருக்கிறது. வலது கன்னத்தில் இன்னும் இரண்டு குழி பாக்கி. முழுப்பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் பூட்டுகிற மறுநாள் நாலாவது சிட்டிங்குக்கு ராமநாதபுரம் டாக்டரிடம் தேதி கேட்டு வைத்திருக்கிறேன்.