யூஇஎஃப்ஐ மாறிப் பெயர்கள்: 1024 பைட்டா, வளரும் பஃபரா, 512 பைட்டா?

நான் பராமரித்துவரும் சின்ன கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஒன்றில், யூஇஎஃப்ஐ மாறிகளைப் பட்டியலிடும் பகுதியை அண்மையில் திருத்தி எழுதினேன். யூஇஎஃப்ஐ என்பது கணினியைத் தொடங்கிவைக்கும் ஃபர்ம்வேருக்கான (போர்டிலேயே பதிந்த மென்பொருள்) விவரக்குறிப்பு; பூட் வரிசை போன்ற அமைப்புகளை ஃபர்ம்வேர் பெயரிட்டுச் சேமித்து வைப்பவைதான் மாறிகள். அடுத்த மாறியின் பெயரை ஃபர்ம்வேரிடம் கேட்கும்போது எத்தனை பைட் பஃபர் (பெயரை வாங்கிக்கொள்ளும் நினைவிடம்) கொடுப்பது என்பதுதான் பிரச்சினை. 1024 என்று நிலையாக வைக்கலாம், தேவைக்கேற்ப வளரவிடலாம், 512-இல் நிறுத்திவிடலாம். நான் 512-க்கு வந்தேன்.

நினைவகச் செலவு இங்கே ஒரு பொருட்டே இல்லை. வேகமும் அப்படித்தான்.

1024 என்பது வழக்கத்தில் ஊறிய எண். லினக்ஸிலும் நெடுங்காலம் அதுதான் இருந்தது. ஆனால் பெயருக்கு இப்படி ஒரு வரம்பை யூஇஎஃப்ஐ விவரக்குறிப்பு எங்கேயும் சொல்லவில்லை. 2011 வாக்கில் வந்த சில ஃபர்ம்வேர்களோ, 512-க்கு மேல் அளவு சொன்னாலே 'இன்வேலிட் பேராமீட்டர்' (உள்ளீடு தவறு) என்று திருப்பிவிடுகின்றன. பெயர் பத்து எழுத்தாக இருந்தாலும் இதே கதைதான். என்னிடமுள்ள பழைய போர்டு ஒன்றில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். முதல் அழைப்பிலேயே பிழை, மாறிகளின் பட்டியல் காலி, பூட் வரிசைகூடத் தெரியவில்லை. ஃபர்ம்வேரின் அமைப்புத் திரையிலோ எல்லாம் பத்திரமாக இருந்தன. அளவை 512 ஆக்கியதும் பட்டியல் முழுதாக வந்தது.

வளரும் பஃபர்தான் கொள்கையளவில் சரியான வழி. சிறிதாகத் தொடங்குகிறோம், 'பஃபர் டூ ஸ்மால்' (இடம் போதாது) வந்தால் தேவையான அளவை ஃபர்ம்வேரே சொல்லும், அந்த அளவுக்கு இடம் வாங்கி மறுபடி அழைக்கிறோம். அடுத்த பெயரைக் கேட்க முந்தைய பெயரைக் கொடுக்க வேண்டும், அதுவும் அதே பஃபரில்தான் உள்ளே போகிறது என்பதால், புதிய பஃபருக்கு அதை நகலெடுக்க மறந்தால் வரிசை அறுந்துவிடும். இது கவனமாக இருந்தால் தீர்கிற விஷயம்.

என்னைத் தடுத்தது வேறு. இந்த வழியில், ஃபர்ம்வேர் சொல்லும் அளவையும் பிழைக் குறியையும் நம்பித்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். அது சொல்லும் அளவை நம்பாமல், பெயர் எங்கே முடிகிறது என்று லினக்ஸ் தானே எண்ணிப் பார்க்கிறது. பிழைக் குறி இன்னும் மோசம். பெரிய அளவில் தொடங்கி, 'இன்வேலிட் பேராமீட்டர்' வந்தால் பாதியாகக் குறைத்துப் பார்ப்போம் என்று ஒரு வடிவம் எழுதினேன். ஆனால் முந்தைய பெயர் இடையில் அழிக்கப்பட்டிருந்தாலும் அதே குறி வரலாம். பெயரின் முடிவுக்குறி அந்த அளவுக்குள் இல்லாவிட்டாலும் வரும். எதற்காக வந்தது என்று கெர்னலால் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு விசித்திரத்துக்கும் ஒரு கிளை சேர்த்தால், அதைப் பல வருடம் சுமக்கப்போவது நாம்தான். பழைய போர்டுக்கு இனி யாரும் ஃபர்ம்வேர் திருத்தம் தரப்போவதில்லை. 512 என்று வைத்தால் இந்த ஊகத்துக்கே வேலையில்லை.

512 சும்மா வந்த எண்ணும் இல்லை. மாறிப் பெயர்கள் எழுதப்படும் யூடிஎஃப்-16 குறியீட்டில் ஓர் எழுத்து அலகுக்கு இரண்டு பைட், ஆக அது 256 அலகுகள். லினக்ஸ் ஒவ்வொரு மாறியையும் ஒரு கோப்பாகக் காட்டுகிறது, அங்கே கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டாது. அதிலும் மாறியின் பெயரோடு ஒரு கோடும் 36 எழுத்து ஜியூஐடியும் (மாறியின் உரிமையாளரைக் குறிக்கும் தனி அடையாள எண்) சேர்வதால், பெயருக்கு மிஞ்சுவது 218 பைட்தான். அதைவிட நீளமான பெயரைக் கோப்பாகக் காட்டவே வழியில்லை. 2024-இல் லினக்ஸும் 512-க்கே இறங்கிவந்தது.

குறை இல்லாமல் இல்லை. 512-ஐத் தாண்டிய பெயர் ஒன்று குறுக்கே வந்தால் அதைத் தாவிப் போக முடியாது, ஏனென்றால் அடுத்ததைக் கேட்கவே அந்தப் பெயர் வேண்டும். லினக்ஸ் ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. பின்னால் இருப்பவை கண்ணுக்குத் தெரியாது. நான் சோதித்த நாலைந்து கணினிகளில் அப்படி ஒரு பெயர் வரவில்லை. சர்வர் போர்டுகளில் எனக்கு அனுபவம் இல்லை. புது ஃபர்ம்வேர் மட்டும் போதும், கோப்புப் பெயர் வரம்பும் கிடையாது என்றால் வளரும் பஃபரையே எடுத்துக்கொள்ளலாம்.

512-ஐ எடுத்தால், லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் அளவை மறுபடி 512 ஆக்குங்கள். அழைப்பு வெற்றி பெற்றாலும் பல ஃபர்ம்வேர்கள் அந்த எண்ணை மாற்றிவிடும். என் முதல் வடிவத்தில் இது விட்டுப்போனது. 'பூட்ஆர்டர்' என்ற மாறி வந்ததும், ஒன்பது எழுத்தும் முடிவுக்குறியும் சேர்த்து அளவு 20 ஆகிவிட்டது. அதைவிட நீளமான அடுத்த பெயரிலேயே 'பஃபர் டூ ஸ்மால்' என்று நின்றுபோனது.