மலையில் ஓட்டினால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லி பில் நீட்டினால், ஒரு நிமிஷம் நில்லுங்கள்

செகண்ட் ஹேண்டில் ஃபோர் பை ஃபோர் (நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி) வாங்கி நீலகிரியில் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கம்பெனி பெயர், சர்வீஸ் சென்டர் பெயர் எதுவும் போடவில்லை. அதைக் கேட்டு யாரும் மெசேஜ் அனுப்ப வேண்டாம்.

அரவேணு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் மண் பாதையில் மழைக்காலத்தில் சாதாரண கார் திரும்பி ஏறாது. அதற்காகத்தான் கோவையில் ஒரு டீலரிடம் இந்த வண்டியை வாங்கினோம். சென்னை வண்டி, ஒரே ஓனர், சர்வீஸ் எல்லாம் கம்பெனியிலேயே செய்தது என்று சொல்லி விற்றார்கள். அதுவரைக்கும் பொய் இல்லை.

சில மாதம் கழித்து குஞ்சப்பனை இறக்கத்தில் பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போக ஆரம்பித்தது. இரண்டு தடவை பம்ப் செய்தால் மேலே வரும். கோவையில் அதே கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் விட்டேன். அட்வைசர் பையன் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. கோத்தகிரி என்று அட்ரஸைப் பார்த்ததுமே தீர்ப்பு சொல்லிவிட்டான்: "மலையில ஓட்டுற வண்டிங்க சார், இப்படித்தாங்க ஆகும்." பிரேக் பேட் மாற்றி, அது அழுத்திப் பிடிக்கும் டிஸ்க்கை லேத்தில் போட்டு, பிரேக் ஆயிலும் மாற்றி, 18 ஆயிரத்துச் சொச்சம் பில். அந்த மாதமே மறுபடி பெடல் இறங்கியது. மறுபடி போனால், காலை பிரேக்கிலேயே வைத்து இறங்குகிறீர்கள், கியரில் இறங்கிப் பழகுங்கள் என்று வகுப்பு எடுத்தான். நாங்கள் கோத்தகிரியில் பிறந்து வளர்ந்தவர்கள். ஏறின கியரிலேயே இறங்கு என்பது இங்கே லைசென்ஸ் வாங்குவதற்கு முன்பே காதில் விழுகிற பேச்சு.

அவன் சொன்னதில் பாதி நியாயம் இருப்பதுதான் ஆபத்து. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் சூடு ஏறும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் சரக்கு. ஈரம் சேரச் சேர அது கொதிக்கும் சூட்டின் அளவு குறையும். உள்ளே ஆவி உண்டாகி பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிடும். ஆனால் அப்படியானால் கருகல் வாசனை வரும், வண்டியை ஓரம்கட்டி ஆறவிட்டால் பெடல் பழையபடி மேலே வரும். என் வண்டியில் விடிகாலையில், எஞ்சின் சூடாகும் முன்பே பெடல் இறங்கியது. புது பேட் போட்ட பிறகும் ஆயில் டப்பாவில் மட்டம் குறைந்துகொண்டே வந்தது. பேட் தேய்ந்தாலும் மட்டம் கொஞ்சம் இறங்கும்தான். புது பேட்டில் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். இதை இரண்டு தடவையும் வாய்விட்டுச் சொன்னேன். ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது குறையை எழுதும் சீட்டு) "பிரேக் செக்" என்று மட்டும் எழுதினான்.

கடைசியில் கண்டுபிடித்தது கோத்தகிரியில் ஷெட் வைத்திருக்கும் பாய். முன்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, என்னை உள்ளே உட்காரவைத்து ஸ்டீயரிங்கை வலது பக்கம் முழுசாக ஒடிக்கச் சொன்னார். "அண்ணா, அப்படியே பிடிச்சுக்கிட்டு யாரையாவது பார்க்கச் சொல்லுங்க" என்றார். என் மகன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள, நான் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். பிரேக் ஹோஸ், அதாவது சக்கரத்துக்கு பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய், டயரின் உள்பக்கத்தில் போய் உரசி நின்றது. உரசின இடத்தில் ரப்பர் பாலிஷ் போட்டதுபோல மினுமினுத்தது. அதன் நடுவில் மேல்தோல் கிழிந்து உள்ளே இருக்கும் நூல் பின்னல் தெரிந்தது. சுற்றிலும் ஈரம், ஈரத்தில் செம்மண் அப்பியிருந்தது. ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது ஹோஸுக்கும் டயருக்கும் நடுவே விரல் போகும். லிஃப்டில் ஏற்றி நேராக நிறுத்திப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கொண்டை ஊசி வளைவில் முழுசாக ஒடிக்கும்போதுதான் உரசும். சமவெளியில் ஓடியவரை இது ஏன் வெளியே வரவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. "கிளிப் போட்ட இடமே தப்பு, இது ஓட்டுறவங்க குத்தம் இல்லை" என்றார் பாய்.

அங்கிருந்தே கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு போன் போட்டு சேசிஸ் நம்பர் சொன்னேன். அந்தப் பெண் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார்: இந்த வண்டிக்கு பிரேக் ஹோஸ் மாற்றும் ரீகால் (குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்து தருவது) இருக்கிறது, இன்னும் செய்யப்படவில்லை, இலவசம். கடிதம் சென்னையில் முதல் ஓனர் வீட்டுக்குப் போயிருக்கிறது. சர்வீஸ் சென்டரில் இரண்டு தடவை ஜாப் கார்டு போட்டதும் இதே சேசிஸ் நம்பரில்தான். அவர்கள் கம்ப்யூட்டரிலும் இதே தகவல் இருக்கும். சர்வீஸ் சென்டருக்கே போய், பார்க்கவில்லையா, பார்த்துவிட்டுத்தான் பில் போட்டீர்களா என்று கேட்டேன். மேனேஜர் காபி சாப்பிடுகிறீர்களா என்றார்.

ரீகால் என்றால் அந்த வண்டியே மோசம் என்று நினைக்க வேண்டாம். 2020 செப்டம்பர் 7 முதல் டிசம்பர் 25 வரை தயாரான மஹிந்திரா தார் டீசல் வண்டிகள் 1,577-ஐ, எஞ்சினில் இருக்கும் கேம்ஷாஃப்ட் என்ற பாகத்தை மாற்ற 2021-ல் அவர்களே வெளிப்படையாக அழைத்தார்கள். ஜீப் ராங்ளரின் மேனுவல் கியர் மாடலுக்கு அமெரிக்காவில் கிளட்ச் சூடாகி உடைகிறது என்று ரீகால் வந்தது. அறிவிப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை, அதை மறைத்து நம்மிடமே காசு வாங்குவதுதான் கேவலம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவே ரீகாலுக்கானது. குறையைத் தானே கண்டு அறிவித்துத் திரும்ப அழைக்கும் கம்பெனிக்கு அதில் அபராதம்கூட இல்லை.

ரீகால் சேசிஸ் நம்பரோடு ஒட்டியது, ஓனரோடு அல்ல. நீங்கள் மூன்றாவது ஓனராக இருந்தாலும் இலவசம்தான். ஆர்சி புத்தகத்தில் இருக்கும் 17 எழுத்து நம்பரை வைத்து கம்பெனியின் இணையதளத்திலோ கஸ்டமர் கேரிலோ கேளுங்கள். செகண்ட் ஹேண்ட் வாங்குவதாக இருந்தால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள். சர்வீஸில் விடும்போது நீங்கள் சொல்லும் குறையை உங்கள் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதவைத்து, அதை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகத்தையும் போட்டோ எடுங்கள். ரீகாலில் பழைய பாகத்தை அவர்களே வைத்துக்கொள்வார்கள்.

ஹோஸ் மாற்றியாகிவிட்டது. பணத்தை அடுத்த சர்வீஸில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். மசியவில்லை என்றால் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஜாப் கார்டு இரண்டையும், பாயின் ஷெட்டில் எடுத்த போட்டோவையும் பிரிண்ட் போட்டு வைத்துவிட்டேன்.