இரண்டடி ரீஃப் டேங்க், சாஃப்ட் கோரல், ஒரே ஒரு வேவ்மேக்கர்: மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பவளம் வளர்க்கும் இந்த உப்புநீர் டேங்க் 60×35×35 செ.மீ. கணக்குப்படி 73 லிட்டர். கல், மணல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் கழித்தால் உள்ளே நிற்பது 55 லிட்டர்தான். சம்ப் (அடியில் வைக்கும் துணைத் தொட்டி) கிடையாது. பின்னால் தொங்கும் ஃபில்டர் மணிக்கு 400 லிட்டர், கன்ட்ரோலரோடு வரும் 24 வோல்ட் டிசி வேவ்மேக்கர் (உள்ளே தண்ணீரை ஓடவைக்கும் புரொப்பெல்லர் பம்ப்) மணிக்கு 2,000 லிட்டர். உள்ளே இருக்கும் சாஃப்ட் கோரல்கள் (மென்பவளங்கள்): டோட்ஸ்டூல் லெதர், சீனியா, சோவாந்தஸ், மஷ்ரூம், கிரீன் ஸ்டார் பாலிப்.

சாஃப்ட் கோரலுக்கு மணிக்கு டேங்க் அளவைப்போல 10 முதல் 20 மடங்கு ஓட்டம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். தப்பில்லை, ஆனால் அதை மட்டும் நம்பி பம்ப் வாங்கினால் பாதிக் கிணறுதான். அதே 1,000 லிட்டர் விரல் தடிமன் குழாய் வழியாக வந்தால் டோட்ஸ்டூல் லெதரின் சதையைக் குடையும். அகலமான புரொப்பெல்லர் வழியாக வந்தால் லேசாக ஆட்டிவிட்டுப் போகும். இங்கே வேவ்மேக்கர் ஓடுவது 45 சதவீதத்தில். ஃபில்டர் ஸ்பாஞ்ச் தின்றது போக, மொத்தம் 22 மடங்கு வருகிறது. 100 சதவீதத்தை ஒரு நாளும் தொட வேண்டியிருக்கவில்லை.

எண்ணைவிட முக்கியம் பம்ப் பார்க்கும் திசை. வேவ்மேக்கர் இடது பக்கக் கண்ணாடியில், பின் மூலையை ஒட்டி, நீர்மட்டத்துக்கு 7 செ.மீ. கீழே. அதற்கும் மேலே ஏற்றினால் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கும் நாளில் காற்றை உறிஞ்சி, டேங்க் முழுக்க நுண்குமிழி. பம்பின் வாய் எந்தக் கோரலையும் பார்க்கக் கூடாது. முன் கண்ணாடியைச் சாய்வாகப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் மோதி உடைந்த ஓட்டம்தான் கோரலுக்கு ஏற்ற ஓட்டம். டோட்ஸ்டூலின் பாலிப்கள் (தலையில் பூப்போல விரியும் சிறு உறுப்புகள்) நாற்று வயலில் காற்று அடிப்பதுபோல இப்படியும் அப்படியும் ஆடினால் சரி. ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தால் நேரடி ஓட்டம் அடிக்கிறது என்று அர்த்தம்.

தேங்கும் இடங்களைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். உருகவைத்த மைசிஸ் இறாலை (உறையவைத்து விற்கும் மீன் தீவனம்) ஒரு சிட்டிகை பம்ப் முன்னால் விட்டு ஒரு நிமிடம் பாருங்கள். எங்கே போய்ப் படிகிறதோ, அடுத்த மாதம் சிவப்புச் சயனோ (பாசிபோலப் படரும் பாக்டீரியா) படலம் அங்கேதான் வரும். இந்த டேங்கில் அது வலது பின் மூலை, கல்லுக்குப் பின்னால். இரண்டாவது பம்ப் போடாமல், கல்லைக் கண்ணாடியிலிருந்து 4 செ.மீ. முன்னுக்கு இழுத்ததிலேயே பெரும்பகுதி தீர்ந்தது.

கோரலுக்குக் கோரல் தேவை மாறும். கிரீன் ஸ்டார் பாலிப் எவ்வளவு ஓட்டம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்; தனிக் கல்லில் வையுங்கள், இல்லையென்றால் அடுத்தவன் வீட்டையும் சேர்த்துப் போர்த்திவிடும். மஷ்ரூமுக்கு ஓட்டம் கூடினால் விளிம்பு மேலே மடியும், பிறகு பிடியை விட்டு மிதந்து போய் பம்ப் சல்லடையில் சிக்கி நார்நாராகும். அதற்கு இடம் கீழே, கல் மறைவில். சோவாந்தஸ் இடுக்குகளில் குப்பை தங்கினால் மூடிக்கொள்ளும். வாரம் ஒருமுறை பெரிய சிரிஞ்சால் மெல்ல ஊதிவிட வேண்டும். சில சோவாந்தஸ் (சோவா) வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கடும் நச்சு உண்டு. கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் அந்தக் கல்லைத் தேய்க்காதீர்கள்; வெந்நீர் ஊற்றுவதோ வேகவைப்பதோ கூடவே கூடாது.

புதிதாக வாங்குபவர்களை அதிகம் பயமுறுத்துவது டோட்ஸ்டூல். சில வாரங்களுக்கு ஒருமுறை பாலிப்களை உள்ளிழுத்து, மேலே மெழுகுபோல ஒரு தோல் கட்டி, சில நாள் செத்ததுபோல நிற்கும். அது தோலுரிப்பு. ஓட்டம் போதுமான அளவு இருந்தால் தோல் தானாகப் பிய்ந்து போகும். போதாவிட்டால் ஒட்டிக்கொண்டு, அதன்மேல் பாசி பிடித்து, அடியில் சதை அழுகத் தொடங்கும். விரலால் உரிக்க வேண்டாம். அந்த நாட்களில் மட்டும் வேவ்மேக்கரை 10 சதவீதம் கூட்டினால் போதும். டோட்ஸ்டூல் தண்ணீரில் விடும் வேதிப்பொருள் மற்ற கோரல்களைச் சுருக்கும் என்பதால் அதை ஓட்டத்தின் கடைசியில், ஃபில்டர் உறிஞ்சும் பக்கம் வைத்து, ஃபில்டரில் மாதம் மூன்று மேசைக்கரண்டி ஆக்டிவேட்டட் கார்பன் மாற்றுவது நல்லது.

விளம்பரங்களில் வராத விஷயம் ஒன்று: ஓட்டம் மாதா மாதம் குறையும். புரொப்பெல்லரிலும் சல்லடையிலும் சுண்ணாம்பும் ஊதாப் பாசியும் ஏறும். கன்ட்ரோலர் அதே 45-ஐத்தான் காட்டும், தண்ணீர் அவ்வளவு நகராது. மெதுவாகக் குறைவதால் கண்ணுக்குத் தெரியாது. போதாததற்குக் கோரலும் வளர்ந்து வழியை அடைக்கும். முதலில் காட்டிக்கொடுப்பது மணல்மேல் படியும் பழுப்புத் தூசி.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட், அல்லது வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி. ரோட்டரைத் தனியாகக் கழற்றி அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி மாட்டலாம். பலரும் சறுக்குவது இதற்குப் பிறகுதான். சுத்தமான பம்பைப் பழைய எண்ணிலேயே ஓட்டினால் கோரலுக்குத் திடீர்ப் புயல். சீனியாவும் சோவாவும் இரண்டு நாள் மூடிக்கொள்ளும். 30-இல் தொடங்கி, நாளுக்கு 5 வீதம் ஏற்றுங்கள்.

இரவில் ஓட்டத்தைக் குறைக்கும் வசதி பயன்தான், ஆனால் 30 சதவீதத்துக்குக் கீழே வேண்டாம். விளக்கு அணைந்தபின் ஆக்ஸிஜன் இறங்கும் நேரம் அது; நீர்மட்டம் நெளிந்துகொண்டே இருக்க வேண்டும். தீவனத்துக்கான 10 நிமிட நிறுத்தம் தானாகத் திரும்ப ஓடுகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். மறந்துபோகும் மனிதனை நம்பும் பட்டன் வேண்டாம்.

சாதாரண ஏசி பம்பை டைமரில் விட்டு விட்டு ஓட்டிச் செலவைக் குறைக்கலாம் என்பவர்களுக்கு: ஒவ்வொரு தொடக்கத்திலும் ரோட்டர் டக்கென்று தட்டும், சில நேரம் தலைகீழாகவும் சுற்றும், புஷ் (அச்சைத் தாங்கும் வளையம்) சீக்கிரம் தேயும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் அதே பம்ப் உறுமும், சூடாகும். சைன் வேவ் இருந்தால்தான் இணைக்க வேண்டும். மின்வெட்டு அதிகமுள்ள ஊரில் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

இரண்டு வருடம் தாண்டியதும் பார்க்க வேண்டியது காந்தப் பிடி. உப்புநீர் பக்கம் இருக்கும் காந்தத்தின் உறையில் மயிரிழை விரிசல் விட்டால் உள்ளே துரு பிடித்து உப்பும். கண்ணாடியில் தேநீர்க் கறைபோல ஒரு கோடு இறங்கியிருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். துருவால் தண்ணீர் கெடுவது ஒருபுறம், பிடி விட்டு விழும் பம்ப் பெரும்பாலும் மணலைப் பார்த்துத்தான் விழும். சர்க்கரைப் பொடி மணல் போட்ட டேங்கில் அப்படி நடந்தால் காலையில் மஷ்ரூம்களைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். 1 முதல் 2 மி.மீ. மணல் அவ்வளவு எளிதில் பறக்காது.