ஹானஸையும் கட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள்: ஒரு லைஃப் ஜக்கெற் அனுபவம்

ஸ்காபரோவில் இருக்கிறேன், வயது 48. இரண்டு கோடையாக ரொறொன்ரோ செரி பீச்சில் விண்ட் சேர்ஃபிங் (பாய் பூட்டிய பலகையில் காற்றோடு ஓடுவது) பழகுகிறேன். பலகையில் நிற்கிற நேரத்தைவிடத் தண்ணிக்குள் கிடக்கிற நேரம்தான் இன்னும் கூட. ஆகவே லைஃப் ஜக்கெற் பற்றிப் பேச எனக்கு முழுத் தகுதியும் உண்டு.

இப்போது போடுவது என்னுடைய இரண்டாவது ஜக்கெற். முதலாவதின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அது 'இம்பாக்ட் வெஸ்ற்' என்கிற, விழும்போது அடி தாங்கும் மெத்தைச் சட்டை வகை. ஒன்லைனில் 95 டொலர். கறுப்பு நிறம், மெல்லிசு, உடம்போடு ஒட்டி நிற்கும், தொப்பையையும் கொஞ்சம் மறைக்கும். கைற் (பெரிய பட்டம் இழுக்கும் பலகை) ஓட்டுகிற பெடியள் பலர் அதைத்தான் போட்டிருந்தார்கள். ஒரு ஓகஸ்ட் பின்னேரம் ரோந்துப் படகு ஒன்று எனக்குக் கிட்ட வந்து நின்றது. அதிலிருந்த பெண் அதிகாரி மிக மரியாதையாக, "உள்பக்க லேபலைக் காட்டுவீர்களா?" என்று கேட்டார். மூச்சு வாங்க வாங்கச் சிப்பைத் திறந்து பார்த்தால், கழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில், இது உயிர்காப்பு மிதவை அல்ல என்று அச்சடித்திருக்கிறது! ஒரு கோடை முழுக்க அதை முதுகில் போட்டுத் திரிந்திருக்கிறேன், ஒரு நாளும் வாசிக்கவில்லை. "விசில்?" என்றார். அதுவும் இல்லை. நல்ல காலம், தண்டம் எழுதவில்லை. ஆனால் கரை வரைக்கும் படகு பின்னாலேயே வந்தது. கரையில் நின்ற என் மகன் அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்து சட்டத்தை ஆறுதலாக இருந்து வாசித்தேன். கனடாவில் பாய் பூட்டிய பலகையும் கைற் பலகையும் சின்னப் படகுக் கணக்கில்தான் வருகின்றன. ஆளுக்கு ஒன்றாக, அவரவர் அளவில், கனடாவில் அங்கீகரித்த லைஃப் ஜக்கெற்றோ பிஎஃப்டியோ (ஆளை மிதக்க வைக்கும் சட்டை) இருக்க வேண்டும். அதைப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றில்லை, கூடக் கொண்டுபோனால் சரி. ஆனால் போடாமல் போகிறவர் 15 மீற்றர் மிதக்கும் எறிகயிறு உட்பட வேறு சாமான்களும் கொண்டுபோக வேண்டும். என் பலகையில் நான் நிற்கவே இடம் காணாது, கயிற்றுச் சுருளை எங்கே வைக்கிறது? ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டால் பட்டியல் சுருங்கிவிடுகிறது. ஒரு விசில் போதும், இருட்டிலோ பனிமூட்டத்திலோ போனால் தண்ணி புகாத ரோர்ச் ஒன்றும் வேண்டும்.

பஃபலோவில் இருக்கும் மச்சானுக்கு இதைச் சொன்னபோது சிரித்தார். அமெரிக்க மத்திய விதிகளில் பாய் பூட்டிய பலகைக்கு ஜக்கெற் கொண்டுபோவதிலிருந்து விலக்கு உண்டு. அங்கே மாநிலங்கள் தனியே விதி வைக்கலாம், அது வேறு. வேடிக்கை என்னவென்றால், நின்றபடி துடுப்புப் போடும் பலகை குளிக்கிற இடத்துக்கு வெளியே போனால் அது படகுதான் என்று அதே நாட்டின் கரையோரக் காவல்படை 2008இல் முடிவு செய்தது. மெதுவாகத் துடுப்புப் போடுகிறவருக்கு ஜக்கெற் வேண்டும், காற்றில் பறக்கிறவருக்கு வேண்டாமாம்!

சரி, இரண்டாவதற்கு வருவோம்.

இடுப்பில் சின்னப் பை மாதிரிக் கட்டுகிற, இழுத்தால் ஊதும் வகையைத்தான் முதலில் பார்த்தேன். கனடாவில் அது 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 36.3 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் செல்லாது. மகனுக்கு 14, அவன் என்னுடைய சாமானை எடுக்காமல் இருக்க மாட்டான். அதோடு அந்தப் பை வந்து நிற்கிற இடத்தில்தான் ஹானஸின், அதாவது பாயின் கயிற்றில் மாட்ட இடுப்பில் கட்டும் பட்டியின், கொழுக்கியும் இருக்கிறது. தண்ணி பட்டதும் தானாக ஊதும் வகை என்றால், நான் விழுகிற வேகத்துக்கு வாயுக் குப்பி வாங்கியே வீடு மூழ்கிவிடும்.

பிறகு கயாக் (ஒடுங்கிய துடுப்புப் படகு) சாமான்கள் இருக்கிற பக்கம் போனேன். வீட்டிலிருந்தே ஹானஸைக் கொண்டுபோய், கடைக்குள் ஜீன்சுக்கு மேலே கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு பேர் விலகிப் போனார்கள். பரவாயில்லை. நாலு ஜக்கெற் போட்டுப் பார்த்ததில் மூன்று, குனிந்தவுடன் கொழுக்கியை மூடிவிட்டன. நாலாவது தொப்புளுக்கு மேலேயே முடிந்தது. கடைப் பெடியன் தோள்பட்டிகளைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தான், காது வரை வந்துவிட்டது. பக்கப் பட்டிகளை இறுக்கிவிட்டு மறுபடி இழுத்தான், அசையவில்லை. 139 டொலர், வரி வேறு.

இதன் மிதப்பு 69 நியூற்றன், அதாவது ஏறக்குறைய 7 கிலோவைத் தூக்கும் விசை. இங்கே வளர்ந்தவர்களுக்கான சாதாரண பிஎஃப்டியின் அளவு அதுதான். 50 நியூற்றன் என்று ஐரோப்பிய முத்திரை குத்திய மெல்லிய வெஸ்ற்றுகளும் விற்கிறார்கள். பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் அந்த முத்திரை மட்டும் இங்கே போதாது.

கொழுக்கி கொழுக்கி என்று ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், யூன் மாதம் ஒரு நாள் காற்று சட்டென்று அடித்து, பாய் அப்படியே என் மேல் கவிழ்ந்தது. கண்ணைத் திறந்தால் பாயின் கண்ணாடித் தாளுக்கு அந்தப் பக்கம் வானம் தெரிகிறது, மூக்குக்கும் அந்தத் தாளுக்கும் இடையில் தண்ணி. ஜக்கெற் என்னை மேலே தள்ள, பாய் முகத்தை அமத்துகிறது. இடுப்பில் கொழுக்கி கயிற்றில் மாட்டியபடி. கை நேரே கொழுக்கிக்குப் போனது. தடவித் தேட வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அதன் மேல் ஃபோம் இல்லை. கழற்றிவிட்டு, மற்றக் கையால் பாயைத் தலைக்கு மேலே தூக்கினேன். ஒரு சருவச்சட்டி அளவு காற்று கிடைத்தது. இரண்டு மூச்சு எடுத்து, தையலைத் தடவிக்கொண்டே பாயின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தேன். எல்லாம் சேர்த்து அரை நிமிடம்கூட இருக்காது. மிதப்புக் கூடக் கூட நல்லது என்று முன்பு நினைத்திருந்தேன். பாய்க்குக் கீழே கிடந்து பார்த்தபின் அப்படி நினைப்பதில்லை.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்ராரியோ ஏரியை யூலையிலும் நம்ப முடியாது. இரண்டு மூன்று நாள் மேற்குக் காற்று விடாமல் அடித்தால் ரொறொன்ரோக் கரையின் சூடான மேல்தண்ணி ஏரியின் நடுப்பக்கம் போய்விடும், அடியிலிருக்கிற குளிர்தண்ணி மேலே வரும். வெள்ளிக்கிழமை 20 பாகையில் குளித்த இடம் ஞாயிற்றுக்கிழமை 10 பாகைக்குக் கீழே நிற்கும். மனிற்றோபா பல்கலைக்கழகத்தில் குளிர் பற்றி ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்: குளிர்தண்ணிக்குள் விழுந்தால் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொல்வழி கேட்பது 10 நிமிடம் மட்டும், உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணித்தியாலம். அந்த முதல் நிமிடத்தில் தலை தண்ணிக்கு மேலே நிற்க வேண்டும். நீச்சல் நன்றாகத் தெரிந்தவருக்கும் அப்போது மூச்சுத் திணறும்.

விசில் தனியாக வாங்கினேன், ஃபொக்ஸ் 40. பக்கத்து ஹமில்ரன் நகரத்துச் சரக்கு, 1987இல் வந்தது. உள்ளே உருளும் குண்டு கிடையாது, அதனால் நனைந்தாலும் அடைக்காது. கூடைப்பந்து நடுவர் ஒருவர், முக்கியமான ஆட்டத்தில் விசிலின் குண்டு சிக்கிச் சத்தம் வராமல் போன எரிச்சலில் இதைச் செய்வித்தாராம். தோள்பட்டியில் கட்டியிருக்கிறேன், தலையைத் திருப்பினால் வாய்க்கு எட்டும்.

இனிக் குறைகள். முன்பக்க ஃபோம் தடிப்பு. தண்ணிக்குள்ளிருந்து பலகையில் ஏறும்போது விளிம்பில் முட்டி என்னைப் பின்னுக்குத் தள்ளுகிறது. குறுக்கே நெஞ்சை வைத்து ஏறுவதை விட்டுவிட்டு, இப்போது பலகையின் பின்பக்கத்தால் ஏறுகிறேன். கைக்குழியில் உள்ளே மெல்லிய வெற்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடுப்பு) இல்லாவிட்டால் தோல் உரிகிறது. முன் கிளிப்பில் பாயைத் தூக்கும் கயிறு இரண்டு தரம் மாட்டியது, கிளிப்பை உள்பக்கம் திருப்பிவிட்டேன்.

எல்லாவற்றிலும் மோசம் சிப். உப்பே இல்லாத ஏரித் தண்ணியில் மூன்றாம் மாதமே இறுகிவிட்டது. செய்த நிறுவனத்துக்குப் படத்தோடு எழுதி ஆறு கிழமையாகிறது, பதிலைக் காணோம். பெயர் போட்டுச் சண்டை பிடிக்க விருப்பமில்லை. மனைவி சாமி அறையிலிருந்து ஒரு மெழுகுதிரித் துண்டைத் தந்தா. ஒவ்வொரு சனிக்கிழமையும் காரில் ஏறுமுன் அதைச் சிப்பின் பல்லில் தேய்க்கிறேன், அன்றைக்கு மட்டும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.